முகமூடிக்குக் கண்தான் முதல்

கேள்வி இது: "கடந்த ஆண்டுதான் சென்னையிலிருந்து டொரொன்டோவுக்குக் குடிவந்தோம். பிள்ளைகளுக்கு நான்கு வயது, எட்டு வயது. ஹாலோவீனுக்குக் கடையில் முகமூடி வாங்காமல் வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்ய ஆசை. எங்களுக்குக் கைவேலைப் பழக்கம் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது? பேய் வேஷம் எதற்கு என்று மாமியார் முகம் சுளிக்கிறார். அவரையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது?"

நாள்காட்டியை எடுத்து, ஹாலோவீன் நாளான அக்டோபர் 31-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், அதுதான் முதல் வேலை. காகிதமும் பசையும் காய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை யாராலும் முடுக்கிவிட முடியாது. எங்கள் பகுதி நூலகத்தில் அக்டோபர்தோறும் குழந்தைகளுக்கு முகமூடி செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். கடைசி வாரத்தில் ஈர முகமூடியோடு ஓடிவரும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். இங்கே அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலும் நாள் விடுமுறை. அந்த மூன்று நாள் ஓய்வில் தொடங்கினால் காய்வதற்கு ஒரு வாரம், வண்ணத்துக்கு ஒரு வாரம், அணிந்து பழக மிச்ச நாள்கள் என்று நிம்மதியாக இருக்கலாம்.

மாமியாரின் தயக்கத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு விழாவின் பொருள் தெரியாமல் அதற்கு வேஷம் கட்ட மனம் வராமல் இருப்பது நியாயமானதே. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஹாலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் அவர்கள் கொண்டாடிய பழைய விழாவுக்கு 'சவின்' என்று பெயர். அந்த இரவில் இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவே உள்ள கதவு திறந்துகொள்ளும் என்று நம்பினார்கள். கிறித்தவ வழக்கில் மறுநாள், நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். நவம்பர் 2 இறந்தோர் அனைவரையும் நினைக்கும் நாள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவது அதே நாளில்தான்.

முகமூடியின் கதையும் அங்கேயே இருக்கிறது. வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ஒரு பாட்டோ கவிதையோ சொல்லி ஆப்பிளும் கொட்டைப் பருப்புகளும் வாங்கி வந்தார்கள். முகத்தில் கட்டிய மூடியை அயர்லாந்தில் 'பொய்முகம்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். பொய்க்கால் குதிரை என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தச் சொல் உடனே பிடித்துப்போகிறது. டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோரமான முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து வட அமெரிக்காவுக்கு வந்தவர்களுக்கு இங்கே பெரிய பூசணிக்காய் கிடைத்தது. குடைவதற்கு அது எளிதாக இருந்ததால் டர்னிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புது வீடு கட்டும்போது மீசையும் கோரைப்பல்லும் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காயை வாசலில் கட்டித் தொங்கவிட்ட குடும்பத்தில் வந்தவருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது. அங்கே ஒரு வழக்கம், இங்கே ஒரு வழக்கம். ஒன்றிலிருந்து மற்றது வந்ததாக நான் சொல்லவில்லை. கெட்டதை விரட்டக் கோர முகம் வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

சொல்லிவிட்டு அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். வீட்டில் பசை காய்ச்சத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர்தான். எங்கள் வீட்டில் என் அம்மா அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தார். பசை பதத்தைக் குறை சொல்லிக்கொண்டே கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார், பிறகு அக்டோபர் வந்தால் மைதா வாங்கியாகிவிட்டதா என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

இனி வேலைக்கு வருவோம். கைவேலை தெரியாதவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு, முகத்தை வரைந்து வண்ணம் தீட்டி ஜிகினா எல்லாம் ஒட்டிவிட்டு, கடைசியில் கண்ணுக்குத் துளை போடுவது. வரைந்த கண் ஓரிடத்தில் இருக்கும், குழந்தையின் கண் வேறிடத்தில் இருக்கும். பிள்ளை பத்து நிமிடம் அணிந்திருந்துவிட்டுக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடும். முகமூடி சுவரில் மாட்டும் ஓவியம் அல்ல, செருப்பைப் போல அணியும் பொருள். முதலில் அளவு, பிறகுதான் அழகு.

அளவெடுப்பது எளிது. பிள்ளையைக் கண்ணாடி முன் நிற்க வைத்து, ஒரு கருவிழியின் நடுவிலிருந்து மறு கருவிழியின் நடு வரை அளவுகோலால் தூரம் பாருங்கள். பெரியவர்களுக்குச் சராசரியாக 6.3 செ.மீ. இருக்கும். நான்கு வயதில் 5 செ.மீ. அளவில் இருக்கும். கடை முகமூடிகள் சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். அந்த இரண்டு புள்ளிகளையும் அட்டையில் குறித்து, ஒவ்வொன்றையும் நடுவாக வைத்து 4 செ.மீ. அகலத்துக்குத் துளை வெட்டுங்கள். பார்க்கப் பெரிதாகத் தெரியும், இருக்கட்டும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வண்ணம் தீட்டினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் துளையின் அளவு தெரியாது, உள்ளே இருக்கும் பிள்ளைக்குப் பக்கவாட்டில் வரும் காரும் தெரியும். அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு ஒருபோதும் குத்தாதீர்கள், வெட்டாதீர்கள். மேசையில் ஒரு உருளைக்கிழங்கை வைத்து, அதன்மேல் அட்டையைப் பரப்பிப் பென்சிலால் குத்தினால் கையும் தப்பும், துளையும் சுத்தமாக விழும்.

நான் இதில் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் நடந்துசெல்பவர் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து, ஒரு வாரம் முந்தைய, பிந்தைய மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, பார்வையை மறைக்கும் முகமூடியைவிட முகப்பூச்சும் தொப்பியும் மேல் என்றே அறிவுரை சொல்கிறது. நான் முகமூடியைக் கைவிடச் சொல்லவில்லை. உங்கள் நான்கு வயதுப் பிள்ளைக்கு மட்டும் வேறு வழி சொல்கிறேன்.

அந்த வயதில் முகத்தை எதுவும் மூட வேண்டாம். முகமூடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். ஒரு பழைய தொப்பி, முன்னால் வெயிலுக்கு மறைப்பு நீட்டிக்கொண்டிருக்கும் வகை, வீட்டில் இருக்கும் அல்லவா? அந்த மறைப்புதான் ஆந்தையின் அலகு, வாத்தின் அலகு, முதலையின் மேல்தாடை. தொப்பியின் முன்புறத்தில் முட்டை அட்டையிலிருந்து வெட்டிய இரண்டு கிண்ணங்களை ஒட்டினால் கண்கள் வந்துவிட்டன. பக்கங்களில் காகித இறகுகளை வரிசை வரிசையாக, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒட்டிக்கொண்டே போகலாம். சிறு பிள்ளைக்குச் சலிக்காத வேலை அது. குழந்தையின் முகம் முழுவதும் திறந்திருக்கும், எதிரில் நிற்பவருக்கோ ஆந்தை தெரியும். டொரொன்டோவில் இன்னொரு வசதியும் இதில் உண்டு. மாத இறுதியில் குளிர் வந்துவிடும். என்ன உடை தைத்துப் போட்டாலும் அதன்மேல் குளிர்காலக் கோட்டு ஏறிவிடும். வேடத்தில் மிச்சம் தெரிவது தலைதான். அதனால் உங்கள் நேரத்தையும் பணத்தையும் உடையில் கொட்டாமல் தலையில் வையுங்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு, பலூன்மேல் காகிதப் பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்யும் முகமூடி. ஒரே பலூனில் இரண்டு முகமூடிகள் வரும், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று உங்களுக்கு. பெரியவர்களும் ஒன்று செய்ய வேண்டும் என்பது என் பட்டறையில் நான் வைத்திருக்கும் ஒரே கட்டாயம். தன் கையில் ஒரு வேலை இருக்கும் பெற்றோர் பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்குவதில்லை.

பசைக்கு அரை கோப்பை மைதாவை அரை கோப்பை குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இரண்டு கோப்பை நீரைக் கொதிக்கவிட்டு, கரைத்ததை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணாடி போலப் பளபளத்துக் கெட்டியாகும். ஒரு மேசைக்கரண்டி உப்புப் போடுங்கள், பூஞ்சை பிடிப்பது குறையும். நன்றாக ஆறிய பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். நம்மூரில் சுவரொட்டி ஒட்டும் பசை இதே மைதாப் பசைதான். ஆறியதும் தோசை மாவு பதத்தில் இருக்க வேண்டும், கெட்டியாகிப் போனால் சிறிது வெந்நீர் விடலாம். கோதுமை ஒவ்வாத பிள்ளை வருவதாக இருந்தால் வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள்.

செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்து நார்நாராக இருப்பதால் அடுத்த துண்டோடு படிந்து ஒன்றாகிவிடும். கத்தரித்த ஓரம் காய்ந்த பிறகும் கோடு கோடாகத் தெரியும். தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், மறு திசையில் கோணிக்கொண்டு போகும். நேராகக் கிழியும் திசையைப் பிடித்துக்கொண்டால் மூன்று செ.மீ. அகலப் பட்டைகளை மளமளவென்று பிள்ளைகளே கிழித்துக் குவிப்பார்கள். தலையளவுக்கு ஊதிய பலூனைக் கிண்ணத்தில் உட்கார வைத்து, பட்டையைப் பசையில் தோய்த்து, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து வழித்துவிட்டு ஒட்டுங்கள். முதல் சுற்றுக் கறுப்பு வெள்ளைத் தாள், இரண்டாம் சுற்று வண்ண விளம்பரத் தாள், மறுபடி கறுப்பு வெள்ளை என்று மாற்றிப் போட்டால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நான்கு சுற்றுப் போதும். இரண்டு சுற்றுக்குப் பிறகு ஒரு நாள் காயவிடுங்கள். நான்கையும் ஒரே மூச்சில் போட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, நான்காம் நாள் புளித்த வாடை வரும்.

காய்வதற்கு மின்விசிறிக் காற்று போதும், சூட்டடுப்புக்குள் வைக்காதீர்கள். இரவில் குளிரும் நிலவறையிலும் வைக்காதீர்கள். குளிரில் பலூன் சுருங்கும், ஈரக் காகிதமும் கூடவே சுருங்கி மடிப்பு விழும். முழுக்கக் காய்ந்துவிட்டதா என்பதை விரலால் தட்டிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சொத்தென்று கேட்கும், காய்ந்திருந்தால் சிறு மேளம் போல ஒலிக்கும். பலூனை உடைப்பதும் துண்டுகளைப் பொறுக்குவதும் பெரியவர் வேலை. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு உடைந்த பலூன் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு என்று பலூன் உறையிலேயே எச்சரிக்கை இருக்கும். பிறகு நெடுக்கு வசத்தில் இரண்டாக வெட்டி, விளிம்புகளை மெல்லிய பட்டையால் மடித்து ஒட்டுங்கள். அதைச் செய்யாவிட்டால் கன்னத்தில் அறுக்கும். கண் துளை இப்போது, முன்பு சொன்ன அளவில். வாய்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மூக்கோடு நிறுத்தும் அரை முகமூடிதான் என் விருப்பம். மூச்சு முட்டாது, பேசினால் கேட்கும், மிட்டாய் தின்னக் கழற்ற வேண்டியதும் இல்லை.

மூக்குக்கு முட்டை அட்டைக் கிண்ணம், கொம்புக்குச் சுருட்டிய காகிதக் கூம்பு, சுருக்கத்துக்குச் சணல் கயிறு. சணலைப் பசையில் நனைத்து நெற்றியில் வளைத்து வைத்து, அதன்மேல் ஒரு சுற்றுக் காகிதம் போட்டால் நூறு வயதுக் கிழவியின் நெற்றி வந்துவிடும். இந்தக் கட்டத்தில்தான் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தாங்களாகவே பேச்சைக் குறைத்து வேலையில் மூழ்குவார்கள். மேலே வெள்ளை வண்ணம் ஒரு பூச்சு அடித்துவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எந்த வண்ணம் தீட்டினாலும் செய்தித்தாள் எழுத்து உள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.

பிளாஸ்டர் துணியை முகத்திலேயே ஒட்டி அச்செடுக்கும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வீட்டில் குழந்தைகளுக்கு அது வேண்டாம். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். கண்ணையும் மூக்கையும் சுற்றி ஈரப் பிளாஸ்டரோடு அசையாமல் கிட என்று நான்கு வயதிடம் சொல்வதும் நடக்காது.

அலங்காரத்துக்கு வந்தால் என் ஆலோசனை ஒன்றுதான்: வெளியே நடந்து வாருங்கள். அக்டோபர் டொரொன்டோவில் மேப்பிள் இலைகள் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக நடைபாதை முழுக்கக் கிடக்கின்றன. ஈரமில்லாத இலைகளாகப் பொறுக்கி, தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஒரு வாரம் அழுத்தி வையுங்கள். நீர் கலந்த வெள்ளைப் பசையைத் தடவி, தாடையிலிருந்து நெற்றிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலேயும் அதே பசையை ஒரு பூச்சுப் பூசினால் காய்ந்ததும் இலை பளபளக்கும், நொறுங்காது. வண்ணமே தேவையில்லை. நான் பார்த்ததில் மிக அழகான முகமூடி அப்படி ஒரு இலை முகம்தான். பூசணிக்காய் குடையும்போது வரும் விதைகளைக் கழுவிக் காயவைத்தால் மீன் செதிலும் பாம்புச் செதிலும் தயார். பழைய புடவையின் கிழிந்த சரிகை ஓரம் கண்ணைச் சுற்றி அருமையாக உட்காரும். கோலம் போடத் தெரிந்த மாமியார் வெள்ளை வண்ணத்தில் ஒரு பஞ்சுக்குச்சியைத் தோய்த்து நெற்றியில் புள்ளி வைத்துக் கோடிழுத்தால், அந்தத் தெருவிலேயே அப்படி ஒரு முகமூடி வேறு யாரிடமும் இருக்காது.

ஜிகினாத் தூளைக் கண் துளைக்கு அருகே போட வேண்டாம். கைவேலை ஜிகினா என்பது உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் துணுக்கு, உதிர்ந்து கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறிவிடும். கொம்பு நுனியிலும் நெற்றி உச்சியிலும் போட்டுக்கொள்ளலாம். சூடான பசைத் துப்பாக்கி பெரியவர் கையில் மட்டும். குறைந்த சூட்டுவகை என்று எழுதியிருப்பதும் தோலைச் சுடும்.

எந்த முகத்தைச் செய்வது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பேயாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என் பட்டறைக்கு வந்த ஒரு சிறுமி 'மழை' செய்தாள். நீல முகம், கண்ணிமையிலிருந்து நூலில் கோத்த மணிகள். ஒரே ஒரு எல்லையை மட்டும் நான் சொல்லிவிடுவேன்: இன்னொரு மக்களின் புனித முகத்தைப் பொம்மையாக்கக் கூடாது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோடெனோசோனி மக்களின் மருத்துவ முகமூடிகள் அவர்களுக்கு உயிருள்ளவை. அவற்றைக் காட்சிக்கு வைப்பதையே அவர்கள் விரும்புவதில்லை. இணையத்தில் படம் கிடைத்தாலும் அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். தஞ்சாவூர் அருகே மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடிக்குப் பூசை செய்து வணங்குகிறோம். ஹாலோவீன் இரவில் அதை யாராவது அணிந்து மிட்டாய் கேட்டு வந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

பிள்ளை செய்ததைத் திருத்தாதீர்கள். என் மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது அவள் செய்த மாட்டு முகத்தில் ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தது. அவள் தூங்கிய பிறகு அதைப் பிரித்து நேராக ஒட்டினேன். காலையில் பார்த்துவிட்டு, "அம்மா, இது என் மாடு இல்லை" என்றாள். அந்த ஆண்டு முகமூடி இல்லாமலே போனாள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

கட்டும் நாடாவில் கவனம் வையுங்கள். எலாஸ்டிக் நாடாவைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். துளை போடும் இடத்தில் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டிவிட்டுத் துளையுங்கள், கிழியாது. உள்பக்கம் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் சிறு பஞ்சுத் துண்டு ஒட்டினால் முகமூடி முகத்திலிருந்து அரை விரல் விலகி நிற்கும், வியர்வையும் ஆவியும் தங்காது. பல பள்ளிகளில் முகத்தை மூடும் முகமூடிக்கு அனுமதி இல்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் நாடாவுக்குப் பதில் பக்கத்தில் ஒரு குச்சி ஒட்டிக் கையில் பிடித்துக்கொள்ளச் செய்யலாம்.

அக்டோபர் 31 அன்று டொரொன்டோவில் மாலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒட்டுநாடா சைக்கிள் கடையில் கிடைக்கும். அதைப் புலியின் கோடுகளாகவோ பூனையின் மீசையாகவோ வெட்டி ஒட்டுங்கள், கார் வெளிச்சம் பட்டதும் முகமே ஒளிரும். காகிதமும் பஞ்சும் சணலும் சட்டென்று தீப்பிடிப்பவை. வாசல்படிப் பூசணிகளில் மெழுகுவர்த்தி எரியும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, குனிந்து பார்க்காதே என்று சொல்லி வையுங்கள். சாலையைக் கடக்கும்போது முகமூடி நெற்றிக்கு மேலே போய்விட வேண்டும். இதை முந்தைய வாரமே வீட்டுக்கு வெளியே இரண்டு முறை நடந்து பழக்கிவிட்டால் அன்றைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைக்காதீர்கள். குழந்தையின் மூச்சு ஈரம் உள்ளே இருக்கும், பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு நாள் காற்றாட வைத்து, உள்பக்கம் பென்சிலால் பெயரும் வயதும் ஆண்டும் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அடுத்த நவராத்திரியில் அவை கொலுவின் கீழ்ப்படிக்குப் பக்கத்தில், பிள்ளைகள் போடும் பூங்காவின் நடுவே போய் உட்காரும். மறுபடி அணிவதாக இருந்தால் எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஓராண்டில் தொய்ந்திருக்கும், புதிதாக மாற்றிவிடுங்கள்.